எங்கள் பக்கம் ஒழுகவில்லை

கக்கூஸ் ஒழுகினால் எல்லோரும் மூக்கைத்தான் பொத்துகிறார்கள். எங்கே ஒழுகுகிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. நான் பார்த்தேன் ஐயா.

அந்தக் கக்கூஸே நான் கட்டியதுதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தம்பி புகழேந்திக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள், கக்கூஸ் இல்லாத வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் அப்போது எத்தனை வீட்டில் இருந்தது? குழியை நானே வெட்டினேன். பிறகு பாகம் பிரித்து நடுவே சுவர் எழுப்பியபோது கக்கூஸ் என் பக்கம் வந்தது, கிணறு அவன் பக்கம் போனது. இரண்டும் இரு குடும்பத்துக்கும் பொது என்று அவன்தான் வாய் நிறையச் சொன்னான். தன் பக்கம் புதுக் கக்கூஸ் கட்டி முடித்ததும் கிணற்றுக் கதவைப் பூட்டிவிட்டான்.

"உனுக்குத்தான் தெருக்கொழா இருக்குதேண்ணா," என்றான். நான் தூக்கி வளர்த்த தம்பி.

போன ஆடியில் எங்கள் பின்கட்டில் ஈரம் கண்டது. பிளம்பர் காசி தோண்டிப் பார்த்தான். சுவரோரம் ஓடும் கக்கூஸ் குழாய் வெடித்திருந்தது.

"பைப்பையே மாத்தணும்ணே. இந்தப் பக்கம் மட்டும் பூசினா, அத்தனையும் சுவத்தடியில பூந்து கெணத்தாண்ட போயிடும்."

காசி விவரமானவன். புதுக் குழாய் வாங்கிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று அவனை அனுப்பிவிட்டு, நானே சிமெண்ட் குழைத்து என் பக்கத்தை மட்டும் பூசினேன்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் அவசரத்துக்குக் கேட்டால் முன்பெல்லாம் முகம் சுளிப்பேன். அதன் பிறகு வாசலில் நின்று நானே கூப்பிட்டேன். "இன்னா, புதுசா புண்ணியம் தேடறீங்க?" என்று என் மனைவி திரௌபதி கேலி செய்தாள்.

ஐப்பசியில் தம்பி வீட்டில் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். வாந்தி, மஞ்சள் காமாலை. அவனும் அவன் மனைவியும் தேறிவிட்டார்கள். மகள் கீர்த்தனா தேறவில்லை. ஆறு வயது.

துக்கத்துக்கு வந்தவர்களுக்காக அன்றைக்குத்தான் கிணற்றுக் கதவைத் திறந்தான். "இனிமே சாவி உன்னாண்டயே இருக்கட்டும்ணா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். வாங்கிக்கொண்டேன். தண்ணீர் மட்டும் குடிக்கவில்லை.

குழந்தை மேல் எனக்கு என்ன கோபம்? "பெரியப்பா, தண்ணி" என்று அவள் என் வீட்டுக்கு ஓடி வந்தபோதெல்லாம் தெருக்குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் கொடுத்தேன். அவள் அப்பன் வீட்டில் என்ன குடித்தாள் என்பதை நீங்கள் அவள் அப்பனைத்தான் கேட்க வேண்டும்.