கூட்டிவந்த குற்றம்

– கையெழுத்துப் போட்டுடறேன் மச்சான். குத்தவாளிதான்னு ஒத்துக்கிட்டா நாளைக்கே ஜெயில்லேருந்து விட்டுடுவாங்களாம்.

– என்ன குத்தம் மாப்ளே? டெக்சாஸ்ல புழுதியத் தின்னுக்கிட்டுக் கிடந்தவனை உன் ஓட்டை வண்டியில ஏத்திக் கலிபோர்னியாவுக்குக் கூட்டிட்டு வந்தியே, அதுவா?

– அதேதான். ஏழைன்னு தெரிஞ்சே வெளி மாநிலத்து ஆளைக் கூட்டிட்டு வந்தா இங்க குத்தம்.

– என் மூஞ்சியப் பார்த்தா நாய்க்கே தெரியும், நான் ஏழைன்னு. பொண்டாட்டியோட அண்ணனத்தானே கூட்டிட்டு வந்த? ஆட்டையா திருடிட்டு வந்த?

– வக்கீலும் இதைத்தான் சொல்றார். ஒரே நாட்டுக்குள்ள எவனும் எங்கயும் போகலாம், அரசியல் சட்டத்துலயே இருக்கு, வாஷிங்டன் கோர்ட்டு வரைக்கும் போவோம்ங்கிறார்.

– டை கட்டினவன் பேச்சை நான் நம்பறதில்ல. என் நிலத்த ஏலம் விட்டவனும் டை கட்டிட்டுத்தான் வந்தான்.

– அப்போ நான் கையெழுத்துப் போடறதுதானே சரி?

– சரின்னு நான் சொன்னேனா?

– ஜெத்ரோ மச்சான், வெல்மாவுக்கு இது நிறைமாசம். முதல் ரெண்டும் தங்கல. இந்தத் தடவை நான் பக்கத்துல இல்லேன்னா அவ தாங்கமாட்டா. வாஷிங்டன்ல தீர்ப்பு சொல்றதுக்குள்ள பிள்ளை நடக்க ஆரம்பிச்சுடும்.

– அவளக் கேட்டியா?

– கேட்டேன். ‘நீ ஒத்துக்கிட்டா எங்க அண்ணன் திருட்டுச் சாமானாயிடுவாரு’ன்னுட்டு எந்திரிச்சுப் போனா. ஒரு வாரமா வரல.

– எங்க வீட்டு வாய். ஆத்தாளும் அப்படித்தான்.

– நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. ஆமா, ஷெரிப் ஆளுங்க உங்களை எல்லை தாண்டி நெவாடாவுல கொண்டுபோய் விட்டாங்களே, எப்படி இங்க வந்து நிக்கிறீங்க?

– ‘கிழவா, நீ போயிட்டா உன் மாப்ளே ஆர்விலை விட்டுடுவோம்’னாங்க. ஆயுசுல ஒரு தடவை காக்கிச் சட்டைய நம்பி ஏறினேன். அங்க ஒரு பெட்ரோல் பங்குக்குப் பின்னால குளிருல சுருண்டு கிடந்தேன். நீ இன்னும் உள்ளதான் இருக்கேன்னு ஒரு லாரிக்காரன் சொன்னான். அவன்கிட்டயே சேதி சொல்லி விட்டேன்.

– அப்புறம்?

– ஒரு காரு வந்து ஏத்திக்கிச்சு. எல்லையில நிறுத்தி, பழம், செடி ஏதாவது கொண்டுபோறீங்களான்னு துழாவினாங்க. ஓட்டிட்டு வந்த ஆளு, ‘பழமெல்லாம் இல்ல, ஒரு ஏழை இருக்காரு, தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போறேன், எழுதிக்கோங்க’ன்னு சொல்லிச்சு.

– எந்தப் பைத்தியம் மச்சான் அது? சும்மாவா விட்டாங்க?

– என்னைய விட்டுட்டாங்க. கூட்டிட்டு வந்தவங்களத்தானே பிடிக்கணும், சட்டப்படி.

– அந்த ஆளு இப்போ எங்க?

– இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம், பொம்பளைங்க அறையில. நீ போடற கையெழுத்து இனிமே உன் பொண்டாட்டிக்கும் சேர்த்துத்தான் மாப்ளே.