கப்பல் வராத மாதங்கள்

காய்ச்சலில் இருந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வடக்குத்து ஊருக்குப் போகும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் நிலக்கரிச் சுரங்கத்துச் சீருடையில் ஒருவர். பக்கத்தில் அவர் மகள், கையில் ஒரு படிவம்.

“செவ்வாய்க் கிரகத்த ஆராய தென்துருவத்துக்கு எதுக்கு போவணும்? இங்க தோண்டுனா கரியாவது வரும்.”

“செவ்வாய்ல இருக்கற மாதிரியே காஞ்சு உறைஞ்ச மண்ணு அங்கதான்பா இருக்கு. கையெழுத்துப் போடுங்க, இன்னிக்கே அனுப்பணும்.”

“உனக்கு ரிலீவர் யாரு?”

“அங்க ஷிஃப்ட் கெடையாதுப்பா.”

“அடுத்த ஆள் வராம நான் ஒரு நாளும் மிஷின விட்டு எறங்குனதில்ல. உனக்கு ஒடம்பு முடியலன்னா?”

“குளிர்காலம் முடியறவரைக்கும் கப்பலும் வராது, பிளேனும் வராது. அதுக்குச் சம்மதம்னுதான் வீட்டுல ஒருத்தர் எழுதித் தரணும்.”

“தெரிஞ்சிகினேதான் போறியா?”

“ஆமாம்பா.”

அவர் படிவத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். நானாக இருந்தால் கிழித்திருப்பேனோ என்னவோ.

“பேனா குடு.”

முழங்கால்மேல் வைத்துக் கையெழுத்திட்டு, தாளை நாலாக மடித்துக் கொடுத்தார்.

“உங்கம்மா கேட்டா, வாரம் ஒரு பிளேன் வருதுன்னு சொல்லு. நானும் அதையேதான் சொல்லுவன்.”