சென்னியப்பன் போட்ட போல்ட்டு

...போதுமுங்க, கை தட்டுனது போதும். பாராட்டுனாலும் தட்டுறீங்க, திட்டுனாலும் தட்டுறீங்க. உங்களுக்குப் புத்தி சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் கட்டிப்போச்சு. அதனால புத்தி சொல்றதைக் கொஞ்சம் நிறுத்திட்டு, நடந்த ஒரு சின்னச் சங்கதியைச் சொல்லிடறேன். அஞ்சே நிமிஷம். அது வரைக்கும் கடைசி வரிசையில ஃபோனைக் கீழ வைக்க முடியுமா? ...முடியாது. சரி, பாத்துக்கிட்டே கேளுங்க.

கோயமுத்தூர்ல ஷர்மிளா பானுன்னு ஒரு பொண்ணு. காலேஜ்ல பாடம் எடுக்குது. ஞாயித்துக்கிழமையானா கூட்டாளிங்க எட்டுப் பேரோட சேந்து ராக்கெட் செய்யும். தீபாவளி ராக்கெட் இல்லைங்க! ஆள் உசரத்துக்கு, நெசமான ராக்கெட். சம்பளத்துக்கு இல்ல, ஆசைக்கு. அதோட எஞ்சின் எப்படி இருக்கும்? தொடை மொத்தத்துல ஒரு அலுமினியக் குழாய். உள்ள எரியிற மருந்து. ஒரு பக்கம் நெருப்பு வர்ற வாய், மறுபக்கம் ஒரு மூடி. மூடியைச் சுத்திப் பன்னெண்டு போல்ட்டு. அவ்வளவுதான்.

மருந்தை அவங்களே கலந்துக்குவாங்க. குழாயும் மூடியும் லேத்துல கடைஞ்சு வாங்கணுமே? அதே ஊர்ல கணபதிங்கற ஏரியாவுல சென்னியப்பன்னு ஒருத்தர் பட்டறை. முப்பது வருஷமா பம்பு சாமான் கடையிறவர். அவ்வளவு சுத்தமான வேலை. ஆனா மனுசனுக்கு ஒரே ஒரு வியாதி. "எம் பட்டறையில மாட்டுன போல்ட்டு புடுங்கிக்கிச்சுன்னு ஒருத்தன் சொல்லப்படாது!" அதுதாங்க வியாதி.

ஷர்மிளா வரைபடம் குடுத்துது. 'சாதாரண போல்ட்டு, பன்னெண்டு'ன்னு தெளிவா எழுதியிருக்கு. சென்னியப்பன் பாத்தார். "இத்தாப் பெரிய ராக்கெட்டுக்கு இந்தச் சொத்தை போல்ட்டா?" அவரா உசந்த ரகமா, லாரிக்குப் போடற, லேசுல அறுகாத ஹை டென்சில் போல்ட்டைப் போட்டுட்டார். யார் சொன்னா? யாரும் சொல்லலை!

அந்தப் பொண்ணு தலையில கைய வெச்சுக்கிச்சு. "அண்ணா, உள்ள அழுத்தம் எக்குத்தப்பா ஏறிடுச்சுன்னா ஏதாவது ஒண்ணு போயே தீரணும்ண்ணா. போல்ட்டு அறுந்தா மூடி மட்டும் கழண்டு, நாங்க எதிர்ல அடுக்கி வெக்கிற மணல் மூட்டைக்குள்ள நேராப் போயிடும். போல்ட்டு அறுகலைன்னா குழாயே வெடிக்கும். பக்கவாட்டுல துண்டு துண்டாப் பறக்கும். நாங்க நிக்கறதே பக்கவாட்டுலதான்!"

"அட, வெளங்கிருச்சு அம்மிணி, மாத்திப் போடறேன்."

மாத்தினார். சாதாரண போல்ட்டுதான். ஆனா எத்தனை? இருவத்தி நாலு! "சொத்தை போல்ட்டுதானே அம்மிணி, கூட ஒரு பன்னெண்டு இருந்துட்டுப் போகட்டுமே?" ஓட்டை போட்டதை அடைக்க முடியுமா? குழாயே வீண். மறுபடியும் புதுக் குழாய்.

மூணாவது தடவை அந்தப் பொண்ணு கொட்டை எழுத்துல எழுதி, கையெழுத்தும் வாங்கிட்டுப் போச்சு. சரியா பன்னெண்டு. சரியான போல்ட்டு. அப்பாடான்னு மூடியைத் திருப்பிப் பாத்தா... சுத்தி ஒரு வெல்டிங்! "ஒரு பாதுகாப்புக்குத்தான் அம்மிணி." எனக்கே கேக்கும்போது முட்டிக்கலாம் போல இருந்துச்சுங்க. அந்தப் பொண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? நாலாவது தடவை லீவு போட்டுட்டு வந்து லேத்துக்குப் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிச்சு. சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கலை. கடைசில குழாய் சொன்னபடி வந்துச்சு.

சோதனை நாள். ஆள் போகாத கல் குவாரி. முறையா அனுமதி வாங்கி, குழாயைப் படுக்க வெச்சுக் கட்டியிருக்காங்க. மூடி பாத்த பக்கம் மணல் மூட்டை. ஆளுங்க பக்கவாட்டுல, தள்ளி. சென்னியப்பனும் சம்சாரம் ராசாத்தியைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கறார், தன் வேலையைக் காட்ட!

பத்த வெச்சாங்க. உள்ள மருந்துல ஒரு கீறல் இருந்திருக்கு, யாருக்கும் தெரியாது. அது வழியா நெருப்பு பரவி அழுத்தம் எக்குத்தப்பா ஏறிடுச்சு. சத்தம் ஏறுது... ஏறுது... டமார்! பன்னெண்டு போல்ட்டும் அறுந்து, மூடி பறந்து மணலுக்குள்ள புதைஞ்சுபோச்சு. குழாய் அப்படியே கிடக்குது, ஒரு விரிசல் இல்லை.

சென்னியப்பன் தலையில அடிச்சுக்கிட்டார். "போச்சு! எம் மானமே போச்சு! நான் அப்பவே சொன்னனே, போல்ட்டு நிக்காதுன்னு!"

ராசாத்தி அம்மா அவரை ஏற எறங்கப் பாத்துச்சு. "ஏனுங், அந்தப் புள்ள படிச்சுப் படிச்சுச் சொன்னது காதுலயே உழுகலையா? போல்ட்டு போனதுக்கு அழுவறீங்களே... நானு நிக்கறனே, அது கண்ணுக்குத் தெரியலையா?"

சிரிக்கிறீங்க. யாரைப் பாத்துச் சிரிக்கிறீங்க? சென்னியப்பனையா?

உங்க காலனி நூலகக் கதவுல ஒரு பூட்டு போதாதுன்னு ரெண்டு பூட்டு தொங்குது. ஒண்ணு கிழக்குத் தெருக்காரங்க பூட்டுனது, ஒண்ணு மேற்குத் தெருக்காரங்க பூட்டுனது. ரெண்டு வருஷம்! கேட்டா, "நாங்க ஏங்க எறங்கி வரணும்? அவங்க வரட்டும்." இந்தப் பக்கம் கேட்டா இதே பதில். அத்தனை பேரும் ஹை டென்சில்! போன மாசம் சமாதானம் பேச வந்தவங்களுக்கும் அடி விழுந்துச்சு. அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்குதுங்க. வெடிச்சா யார் மேல படும்? சண்டை போடற உங்க மேலயா? வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற உங்க வீட்டுப் பொண்ணுங்க எங்க உக்காந்து படிக்குதுன்னு தெரியுமா? வாழைத்தார் குடோன்ல! நானே பாத்தேன். ரெண்டு தெருப் பொண்ணுங்களும் ஒரே விசிறிக்கு முன்னாடி உக்காந்திருக்காங்க.

எறங்கி வந்தா மானம் போகும்னு நெனைக்கிறீங்க. போகட்டுமே! உங்க புள்ளைங்க முழுசா நிப்பாங்கல்ல?

நான் பேசி முடிச்சுட்டேன். ஆனா உக்காரப் போறதில்லை. ஒரு சாவி... எந்தத் தெருச் சாவியா இருந்தாலும் சரி... இந்த மேஜை மேல வர்ற வரைக்கும் இப்படியே நிக்கறேன். ம்... முதல்ல யாரு?