ஓர் எழுத்தை மாற்ற மறுத்தவர்

மாலையின் கனம் தாங்காமல் சற்றே சாய்ந்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே! ஒழுக்கத்தின் உறைவிடமாம் நூலகக் குழுப் பெரியோர்களே! பொறுமையே உருவாய் வீற்றிருக்கும் தாய்மார்களே! பின்னால் நின்று விசிலடிக்கும் தோழர்களே! வணக்கம்.

இன்று திறக்கப்படுவது யாருடைய படம்? 'தமிழுக்காகவே வாழ்ந்த பிரம்மச்சாரி' என்கிறது உங்கள் அழைப்பிதழ். ஐயோ தமிழே, உன் தலையில் இன்னும் எத்தனை பழியைத்தான் போடுவார்கள்!

அவர் செய்தித்தாள் அலுவலகத்தில் பிழை திருத்துபவர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாவல் எழுதினார். ஒரு பேருந்து ஓட்டுநரும் ஓர் அஞ்சலக எழுத்தரும், இருவரும் ஆண்கள், காதலிக்கிறார்கள். ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். விளக்கை யார் அணைப்பது என்று சண்டை போடுகிறார்கள். யாரும் சாகவில்லை. யாரும் திருந்தவில்லை! அதுவரை நாம் படித்த கதைகளில் அப்படிப்பட்டவன் சிரிக்க வைக்க வருவான். இல்லையேல் கடைசிப் பக்கத்தில் செத்துப் போவான். ஆணை ஆண் காதலிக்கும் இலக்கியத்துக்கு இங்கே முதல் கல் நட்டவர் இவர்.

பதிப்பாளர் படித்தார், கண் கலங்கினார், கலங்கிய கண்ணோடு சொன்னார்:

"பிரமாதம் சார். ஒரே ஒரு எழுத்துதான். 'அவன்'ல இருக்கிற 'ன்'ன எடுத்துட்டு 'ள்' போட்டுடுங்க. நாளைக்கே அச்சுக்குப் போயிடலாம்."

"நான் பிழை திருத்துறவன் சார். என்னையே பிழை பண்ணச் சொல்றீங்களே!"

கையெழுத்துப்படியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார். (தட்டுங்கள், தட்டுங்கள்! தலைவர் கடிகாரத்தைப் பார்த்தால் பார்க்கட்டும்.)

தானே அச்சிட்டார், முந்நூறு படிகள். வேலை போயிற்று. உடன்பிறந்த அக்காவே இவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். இந்த நூலகமோ நாவலை ஆபாசம் என்று பூட்டி வைத்தது. படிக்காமலா பூட்டினார்கள்? தொண்ணூற்றிரண்டாம் பக்கம் கிழியக் கிழிய ஆராய்ந்த பிறகே பூட்டினார்கள்! என்னே கடமை! என்னே கவனம்!

ஆனால் அவருக்குக் கடிதங்கள் வந்தன, பெயர் போடாத கடிதங்கள். பத்தொன்பது வயதில் ஒருவன் எழுதினான்: "உலகத்துலயே நான் ஒருத்தன்தான் இப்படின்னு நினைச்சேன் சார். சாகலாம்னு இருந்தேன். இப்ப இல்ல."

அவன் யார்? இதோ, உங்கள்முன் நிற்கும் நான்!

என்ன, எல்லோரும் என்னையே பார்க்கிறீர்கள்? அந்தத் தூணையும் கொஞ்சம் பாருங்களேன்!

அவரோடு முப்பத்தோரு ஆண்டுகள் குடும்பம் நடத்திய தையற்காரர், அதோ, தூணுக்குப் பின்னால் உட்கார வைக்கப்பட்டிருக்கிறார். பிரம்மச்சாரியாம்! அண்ணே, மேலே வாருங்கள். திரையை விலக்க வேண்டியவர் நீங்கள்.

"வேணாம் தம்பி, முழங்கால் வலி," என்கிறார். நாங்கள் தாங்கிக்கொள்கிறோம், வாருங்கள்! இதோ தலைவரும் எழுந்துவிட்டார். கோபமோ? இல்லை ஐயா, கைகொடுக்க இறங்குகிறார்! தலைவர் அவர்களே, இவ்வளவு நேரம் உங்களைக் கேலி செய்த வாயாலேயே வாழ்த்துகிறேன்.

திரை விலகிவிட்டது. அண்ணன் என்ன சொல்கிறார்?

"காலரைக் கோணலா வரைஞ்சிருக்காங்க தம்பி. அவருக்கு நான் தைச்ச சட்டை எதுவும் இப்படி இருக்காது."

அழைக்காமலே எழுந்து நிற்கும் தாய்மார்களே, உங்களுக்கு நன்றி. அண்ணே, உங்களுக்கு என் வணக்கம்.