மகள் கம்ப்யூட்டருக்கு ஒரு ஜன்னல்

...இல்ல மெக்கானிக் தோழர், தப்பு கம்பெனி மேலதான்! அத மொதல்ல ஒத்துக்குங்க, அப்புறம் ஸ்க்ரூவத் திருப்புங்க. பொட்டியில ஒரு ஓட்டை போட்டா கம்ப்யூட்டர் செத்துப்போயிருமா? அப்படி என்ன பொருள் செய்றான் அவன்?

உக்காரலாமா? இந்த ஸ்டூலு ஆடுது... பரவால்ல. ஆடுற ஸ்டூல்ல நின்னு, மைக் இல்லாம, மில்லு கேட்டு முன்னாடி பேசுனவன் நான்.

விஷயத்துக்கு வர்றேன். இது எம் பொண்ணோடது. வீட்டுல இருந்தே கட்டட பிளான் வரைஞ்சு குடுக்குறா. நாள் பூரா இதுக்கு முன்னாடிதான். இதுவோ கன்னங்கரேல்னு ஒரு பொட்டி. உள்ள என்ன நடக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஆயுசு பூரா 'மறைக்காதே, திறந்து காட்டு'ன்னு நோட்டீஸ் அடிச்சவன் வீட்டுலயே மூடுன பொட்டியா? அதான் செவப்பு பெயின்ட் அடிச்சேன். வெல்டிங் கடையில கட்டர் வாங்கியாந்து, பக்கவாட்டுல சதுரமா அறுத்து, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடு ஒட்டி, உள்ள ஒரு லைட்டு... நல்லாயிருக்குல்ல? ...சரி, பெயின்ட் கொஞ்சம் வழிஞ்சிருக்கு. சுவத்துல எழுதிப் பழகுன கை, அப்படித்தான் இருக்கும்.

அவ வந்து ஸ்விட்சத் தட்டுனா. டப்புனு ஒரு சத்தம், ஒரு தீஞ்ச வாசன... அவ்வளவுதான். கத்துவான்னு பாத்தேன். கத்தல தோழர்! பேச்ச நிறுத்திட்டா. எல்லாம் அவங்கம்மா வழியாத்தான். 'அப்பாவ சாப்பிட வரச் சொல்லும்மா.' நான் அங்கதான் நிக்கிறேன்! எனக்கு எதிராவே போராட்டம்! ஒரே ஒரு கோரிக்கையாம். 'நான்தான் கெடுத்தேன்னு அப்பா வாயால சொல்லணும்.'

அதான் உங்ககிட்ட வந்தேன். விசாரணக் கமிஷன்னு வெச்சுக்குங்களேன். அவ கேட்டா, 'மெஷின்லயே கோளாறு'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நடுநிலையா... ஆமா, கமிஷன நியமிச்சது நாந்தான். அதனால என்ன?

என்னது? பொட்டியோட பக்கக் கதவக் கழட்டிட்டு அறுத்தேனாவா? கழட்டல. எந்த ஸ்க்ரூன்னு தெரியல. அவளக் கேட்டிருக்கலாம்... கேட்டா வேணாம்னுருப்பா. அப்புறம் எங்க அறுக்கிறது?

இப்படித்தான் மில்லுல ஒரு மானேஜரு, தறி ஓட்டுறவங்கள ஒரு வார்த்த கேக்காம தறிய மாத்திப்புட்டான். 'எங்க மெஷின்ல கை வைக்க நீ யாரு'ன்னு மில்லு கேட்டையே இழுத்து மூடுனோம். அந்த நோட்டீஸ எழுதுனதே நாந்தான்! அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'எல்லாம் உங்க நல்லதுக்குத்தானே செஞ்...'

...அந்த ஃபேனக் கொஞ்சம் வேகமா வைங்க.

பொட்டிய ஏன் கவுக்குறீங்க? அடேயப்பா... இவ்வளவு இரும்புத் தூளா? இது கம்பெனியிலேர்ந்தே வந்திருக்கும்... சரி சரி, அப்படிப் பாக்காதீங்க. தூள்ல செவப்பு பெயின்ட் ஒட்டியிருக்கு. எனக்கும் கண்ணு இருக்கு.

அவ வரைஞ்சதெல்லாம்... இருக்கா? பத்திரமா இருக்குங்கிறீங்களா? அப்பாடி.

உங்க ஃபோன் அடிக்குது பாருங்க. ...யாரு, எம் பொண்ணா? அத எதுக்கு என் பக்கம் நீட்டுறீங்க? நீங்கதானே கமிஷன்! தோழர்... தோழர், எங்க எந்திரிச்சுப் போறீங்க?

ஹலோ... மெக்கானிக் இல்லம்மா. நிர்வாகம் பேசுறேன். ...ம். நாந்தாம்மா கெடுத்தேன்.

...ஆனா பெயின்ட் நல்லாத்தானே இருந்துச்சு?