ஆள் வருது

விடியற்காலை ஐந்தரை மணி. கம்போங் ராஜாவைத் தாண்டி ஈப்போவுக்கு இறங்குகிற சாலை. ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் பள்ளம். பனி இறங்கிவிட்டால் பஸ்ஸின் விளக்கு மூக்குக்கு முன்னாலேயே நின்றுவிடும்... நம் தர்மாவின் அண்ணி திலகம் தினமும் அந்தச் சாலையில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இப்போது போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன். முதலில் யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள். கரண்ட் வருகிற வரைக்கும் இந்த ஒரு மெழுகுவர்த்திதான். இது அணைந்தால் முதலில் ஓடுகிற ஆள் நான்தான். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது.

திலகத்துக்கு வீடு கோலா தெர்லா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. வேலை ஈப்போவில், ஒரு துணிக்கடையில். புருஷன் சசிதரன். ஒரே பையன் ரூபன், நாலு வயது. சாயங்காலம் அவள் பஸ் வருகிற நேரத்துக்கு சசிதரன் பையனை மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்து ரோட்டோரம் கொண்டுவந்து நிறுத்துவான். அவள் படியில் கால் வைக்கும்போதே பையன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வான். அந்தக் கைக்காகத்தான் அவள் அவ்வளவு தூரம் போய்வந்தாள்.

அந்த முதல் பஸ்ஸில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவருக்காக ஒருவர் இடம் பிடித்து வைப்பார்கள். யாராவது பிந்திவிட்டால் உள்ளே இருப்பவர்கள் டிரைவருக்குக் குரல் கொடுப்பார்கள். "அண்ணே, ஆள் வருது." அவ்வளவுதான். டிரைவர் வேலப்பன் வெளியே எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். பார்த்தாலும் பனியில் என்ன தெரியப் போகிறது... கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

கம்போங் ராஜா தாண்டி ஒரு தோட்டத்து முச்சந்தி இருக்கிறது. அங்கே நிக்கோல் என்று ஒரு பெண் ஏறுவாள். திலகத்தின் சிநேகிதி. ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. திலகம்தான் பக்கத்து சீட்டில் பையை வைத்து, தினமும் அவளுக்காகக் குரல் கொடுப்பாள். பிறகு நிக்கோல் ஜோகூரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். பயப்படாதீர்கள், அவள் சாகவில்லை. நன்றாகத்தான் இருக்கிறாள். போன வாரம் கூட அவளோடு பேசினேன்.

அவள் போய்க் கொஞ்ச நாள். பையனுக்குக் காய்ச்சல், திலகத்துக்கு ராத்திரி தூக்கமில்லை. காலையில் பஸ்ஸில் ஏறியதும் கண் சொக்கிவிட்டது. முச்சந்தியில் ஒருவரை இறக்கிவிட்டு பஸ் கிளம்புகிறது. கண்ணைக் கூடத் திறக்காமல் அவள் வாய் சொல்லிவிட்டது.

"அண்ணே, ஆள் வருது."

பஸ் நின்றது. கதவு புஸ்ஸென்று திறந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நிக்கோல்தான் இல்லையே... யார் வருவது? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் படி கிறீச்சிட்டது. பஸ் அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. யாரும் இல்லை. ஈரத்துணி தரையில் இழுபடுகிற சத்தம் மட்டும்... சர்ர்... சர்ர்... நடுவழியில் வந்தது. பச்சைத் தேயிலையைக் கசக்கிய வாடை. அதோடு, ரொம்ப நாள் கிடந்த கல்லைப் புரட்டினால் வருமே, அந்த மண் வாடை.

பக்கத்து சீட்டு அமுங்கியது.

சீட்டில் அவள் வைத்திருந்த பை இப்போது அவள் மடியில் இருந்தது. அவள் எடுத்து வைக்கவில்லை.

ஈப்போ வரும்வரை அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. கடைக்குப் போய், வெளிச்சத்தையும் ஆட்களையும் பார்த்த பிறகு, தூக்கக் கலக்கம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். நாமும் அப்படித்தான் செய்திருப்போம்.

சாயங்காலம் அதே பஸ், அதே வேலப்பன். நல்ல கூட்டம். ஆட்கள் நின்றுகொண்டு வருகிறார்கள். ஆனால் திலகத்தின் பக்கத்து சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை. ஒருவர் உட்காரக் குனிந்தார்... பாதியில் நிமிர்ந்து, "சாரி லா, ஆள் இருக்கிறதப் பாக்கல" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போனார்.

திலகம் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். எழுந்து ஓடலாம் என்றால் அந்த சீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மலை ஏற ஏறக் கூட்டம் குறைந்தது. முச்சந்தி வந்தது. யாரும் மணி அடிக்கவில்லை. வேலப்பன் தானாகவே நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தார். பனி உள்ளே வந்தது. அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"எறங்கலயாம்மா?"

"யாரு அண்ணே?"

"காலையில நீ ஏத்திவிட்டியே, அந்தப் பொண்ணு. ஒன் தோள்ல சாஞ்சு தூங்குதே... எழுப்பி விடுலா."

வேலப்பன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தி வண்டியை எடுத்தார். இடது தோளில் ஈரம் ஊறி, ரவிக்கைக்குள் இறங்குவது அவளுக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. குரல் கொடுத்து ஏற்றியவள் அவள். அவள் இறங்குகிற இடத்தில்தான் இதுவும் இறங்கும். அங்கே பையன் நின்றுகொண்டிருப்பான்.

சசிதரனுக்குப் போன் அடித்தாள். லைன் இல்லை. மறுபடியும் அடித்தாள். இல்லை. கம்போங் ராஜா போய்விட்டது. சரி, நான் இறங்கவே போவதில்லை என்று முடிவு செய்தாள். பஸ் எங்கே போய் நிற்கிறதோ அங்கேயே, விடியும்வரை இப்படியே உட்கார்ந்திருந்தாலும் சரி. பிள்ளை பக்கத்தில் இது போகக்கூடாது. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவ்வளவு யோசித்தாளே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் அழுகை வருகிறது.

கோலா தெர்லா. ரோட்டோர விளக்கு. சசிதரன் மோட்டாரைத் திருப்பிக்கொண்டிருக்கிறான். பையன் காதுவரை மூடிய குல்லாயோடு நிற்கிறான். அவள் மூச்சைக் கூட விடவில்லை.

டிங்.

மணி அவள் தலைக்கு மேலேதான் அடித்தது. இரண்டு கையும் கம்பியில் இருக்கிறது.

பஸ் நின்றது. கதவு திறந்தது. பக்கத்து சீட்டு மெல்ல மேலே எழும்பியது. தோளில் இருந்த பாரம் போனது. சர்ர்... சர்ர்... படி கிறீச்சிட்டது. அதற்குள் ஜன்னல் முழுக்க மூச்சாவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவள் கத்தினாள். சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை. பஸ் நகர்ந்து, வளைவு திரும்பிய பிறகுதான் குரல் வந்தது. வேலப்பன் பிரேக் போட்டார். குதித்து இறங்கி இருட்டில் ஓடினாள். ஓடும்போதே போன் அடித்தது. சசிதரன்.

"என்ன திலகம், ஒரு வார்த்தை பேசாம பிள்ளையக் கூட்டிக்கிட்டு மேல நடக்குற? மோட்டார்ல ஏறலாம்ல... எம்மேல என்னா கோவம் ஒனக்கு?"

பையன் கிடைத்தான். லைனுக்குப் போகிற பாதையை விட்டு உள்ளே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் தனியாக நின்றான். அழவில்லை. ஒரு கையை மேலே தூக்கிக்கொண்டு, பக்கத்தில் யாரையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். வாரி எடுத்துக்கொண்டு வந்தார்கள். முனியாண்டி கோயிலில் பையனுக்கு மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். திலகம் ஈப்போ வேலையை விட்டுவிட்டாள். அது யார், எங்கே போனது, எதற்கு வந்தது... எனக்குத் தெரியாது. என்னைக் கேட்காதீர்கள்.

போன தைப்பூசத்தில் அவர்களைப் பார்த்தேன். பையன் வளர்ந்துவிட்டான். அம்மாவோடுதான் நடந்து வந்தான். ஒரு கை அவள் கையில். இன்னொரு கையைத் தோளுக்கு மேலே தூக்கியே வைத்திருந்தான்... அந்தக் கையின் விரல்களும் மூடியிருந்தன. மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.