மடியில் ஒரு சாம்பார் வாளி

பிள்ளைகளே, கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் அம்மா வெறும் சாம்பார் வாளியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர், கரும்பு விவசாயி.

"வூட்ல வெச்சா நீங்க எடுத்துடுவீங்கன்னுதான் கையோட தூக்கிக்கினு வரேன். நாளைக்கு நம்ம சின்னவ கல்யாணம். இதைத் தொடவே கூடாது."

"ஊர்ல எந்த வூட்டு விசேஷம்னாலும் நான்தானே பரிமாறுறேன்?"

"பெரியவளுக்குத் தாலி கட்டும்போது எங்க இருந்தீங்க?"

"டிபன் பந்தியில சாம்பார் ஊத்திக்கினு இருந்தேன்."

"உங்க எடத்துல எங்க அண்ணன்தான் நின்னு தாரை வார்த்தாரு. சம்பந்தி வூட்ல இன்னும் உங்கள சமையல்காரர்னு நெனச்சிக்கினு இருக்காங்க!"

பின்சீட்டிலிருந்து அவர்கள் ஊர் இளைஞர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "பெரிப்பா, என் கல்யாணத்துக்கு நீங்கதான் பரிமாறுனீங்க. நாளைக்கு நான் ஊத்தறேன். நீங்க மேடையில நில்லுங்க."

"சரிப்பா. பல்லு இல்லாதவங்களுக்கு இட்லி ஊறுற மாதிரி ஊத்து. கொழந்தைங்க பக்கம் வாளிய சாய்க்காத. இன்னா, மொத பந்திக்கு மட்டும் நானே காட்டிக் குடுத்துட்டு..."

அந்த அம்மா சட்டென்று வாளியை இளைஞரிடம் நீட்டினார்.

"தாலி கட்டுற வரைக்கும் ஒளிச்சி வெச்சிரு தம்பி. கட்டுனதும் அவர் கையில குடுத்துடு. இல்லன்னா மனுஷன் சாப்பிட மாட்டாரு."